தொலையாத நூல்: 1880ஆம் ஆண்டுக் குடந்தை உரையாடலும் மூன்று வாசக வட்டங்களும்

ஆய்வுச்சுருக்கம்

சேலம் இராமசாமி முதலியாரும் உ.வே. சாமிநாதையரும் 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சந்தித்து உரையாடியது, பழந்தமிழ் நூல்களின் ‘மீட்பு’ வரலாற்றுக்குத் தொடக்கமாகக் கூறப்பட்டு வருகிறது. இக்கட்டுரை அவ்வுரையாடலைப் பதிப்பு வரலாற்றின் பகுதியாகக் கொள்ளாது, நூல் விரும்பிகள் இருவர் தாம் படித்தவற்றைப் பகிர்ந்துகொண்ட நிகழ்வாகக் கொண்டு, வாசிப்பு வரலாற்று நோக்கில் மீண்டும் படிக்கிறது. சீவக சிந்தாமணி அக்காலத்தில் தொலைந்துபோன நூலாக இருக்கவில்லை. மடம், நீதிமன்றம், சமண இல்லம் என்னும் மூன்று வாசக வட்டங்களுள் ஒன்றன் பட்டியலில் மட்டும் அது இடம்பெறாதிருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வாசிப்பு வரலாறு, உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணி, பாடம் கேட்டல், சமண வாசகர், கையொப்பம்.

முன்னுரை

தமிழில் நூல்களின் வரலாறு பெரும்பாலும் பதிப்பாசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஏடு எங்கிருந்து கிடைத்தது, எத்தனை பிரதிகள் ஒப்பிடப்பட்டன, எந்த ஆண்டு அச்சேறியது என்பவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஒருவர் மற்றொருவரிடம் ‘நான் இதைப் படித்தேன், நீங்கள் படித்தீர்களா?’ என்று கேட்டதன் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ போன்ற ஆய்வுகள் வாசகரை வரலாற்றின் மையத்திற்குக் கொண்டுவந்தன எனினும், அவை பெரிதும் அச்சுப் பண்பாடு வேரூன்றிய பிந்தைய காலத்தைப் பற்றியவை. ஏடும் அச்சும் ஒருசேர வழங்கிய 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நூல் விரும்பிகள் தம் விருப்ப நூல்களை எவ்வாறு பகிர்ந்துகொண்டனர் என்னும் வினா இன்னும் விரிவான விடையை வேண்டி நிற்கிறது.

முனைவர்ப் பட்டச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் முதலில் கேட்கப்பட்டது, அண்மையில் என்ன படித்தீர்கள் என்பதே. நான் சொன்ன பட்டியல் என் ஆசிரியர்கள் சொல்லித் தந்த பட்டியலே என்பதை அன்று மாலை எண்ணிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். ‘என் சரித்திர’த்தின் அப்பகுதியை மறுபடியும் படிக்கத் தூண்டியது அந்த உணர்வே.

சான்றின் இயல்பு

உரையாடலுக்கு நாம் கொள்ளும் முதன்மைச் சான்று சாமிநாதையரின் தன்வரலாறு. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கிய அது, 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. நூல் வடிவம் பெற்றது 1950இல். ஆக, ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன் நடந்த உரையாடலை, எண்பதைக் கடந்த முதியவர் நினைவிலிருந்து எழுதுகிறார். அதற்குள் அவர் ‘தமிழ்த் தாத்தா’ ஆகிவிட்டவர். வாழ்வின் திருப்புமுனையாகத் தாம் கருதிய ஒரு நாளை அதற்குரிய அழகோடு எடுத்துரைப்பது இயல்பு. உரையாடலின் ஒவ்வொரு சொல்லையும் அன்று பேசியவாறே கொள்ள இயலாது.

எனினும் இச்சான்றை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. சந்திப்பு நாளை 21.10.1880, வியாழக்கிழமை என்று அவர் குறிக்கிறார். நாட்காட்டிக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்நாள் வியாழனே. மேலும், இவ்வுரையாடலில் அவர் தம்மை உயர்த்திக்கொள்ளவில்லை. தாம் படித்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லியும் கேட்பவர் முகத்தில் வியப்புத் தோன்றாமையால் அடைந்த கூச்சத்தை மறையாமல் எழுதுகிறார். தன்வரலாற்றில் ஒருவர் தம் குறையை இவ்வளவு விரிவாகப் பதிவு செய்யும் இடம் பொதுவாக நம்பத்தக்கது என்பதே என் மதிப்பீடு.

முதல் பட்டியல்: மடம்

1880 பிப்ரவரியில் தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராகச் சேர்ந்த சாமிநாதையருக்கு அப்போது வயது 25. அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த இராமசாமி முதலியாரைக் காணும்படி திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் அவரைத் தூண்டினார். நிலபுலன் மிகுந்த மடத்துக்கு நீதித்துறை அலுவலர்களின் நட்பு வேண்டியிருந்த காலம் அது. ஆகவே அச்சந்திப்பைத் தொடக்கத்தில் ஒரு மரியாதைச் சந்திப்பாகவே கொள்ளவேண்டும்.

முதலியார் முதலில் கேட்டது, யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்பது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொன்னபின் பேச்சு வளர்ந்திருக்க வேண்டும், வளரவில்லை. என்னென்ன நூல்கள் பாடம் கேட்டீர்கள் என்பது அடுத்த வினா. சாமிநாதையர் அந்தாதிகளில் தொடங்கிப் பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்கி, புராணங்களுக்கும் இலக்கண நூல்களுக்கும் வருகிறார். நைடதம், பிரபுலிங்கலீலை ஆகியனவும் கூறப்படுகின்றன. கம்பராமாயணம் படித்தது மட்டும் முதலியாரிடம் சிறிது மதிப்பைப் பெறுகிறது.

இப்பட்டியலைப் பலரும் ‘பிற்காலச் சிற்றிலக்கியங்களில் முடங்கிய கல்வி’யின் அடையாளமாகக் காட்டியுள்ளனர். அம்மதிப்பீடு எனக்கு உடன்பாடன்று. அதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, ‘பாடம் கேட்டல்’ என்னும் சொல்லாட்சி. மடத்துக் கல்வியில் மாணவர் நூலைத் தாமே தேர்ந்து படிப்பதில்லை. ஆசிரியர் வாயிலாகக் கேட்கிறார். எனவே ஒருவரின் நூற்பட்டியல் அவருடைய விருப்பத்தை அன்றி அவருடைய ஆசிரிய மரபைச் சொல்லியது. ‘எனக்குப் பிடித்த புலவர்’ என்று தனியே ஒரு தேர்வு செய்ய அங்கு இடம் குறைவு. ஆசிரியரே பிடித்த புலவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளை தாமே எண்ணற்ற தலபுராணங்களும் பிரபந்தங்களும் இயற்றியவர் என்பதை நினைத்தால், சாமிநாதையர் அடுக்கிய பட்டியல் தம் ஆசிரியர் மீது அவர் கொண்டிருந்த பற்றின் பட்டியலாகவும் அமைந்தது விளங்கும். முதலியார் காட்டிய அசட்டை அவரை அவ்வளவு வருத்தியதற்கு அதுவே காரணமாகலாம்.

இரண்டாவது, அம்மடத்துக்குச் சிந்தாமணி அந்நியமானதன்று. சாமிநாதையர் பின்னர்ப் பதிப்புக்காக ஒப்பிட்ட ஏடுகளில் திருவாவடுதுறை ஆதீனத்துப் பிரதியும் ஒன்று. அவர் ஆண்டுக்கணக்காகப் பழகிய புத்தகசாலையில் அந்நூல் இருந்தது, பாடம் சொல்லப்படவில்லை. அலமாரியில் இருப்பதும் பட்டியலில் இருப்பதும் வெவ்வேறு.

பாடம் சொல்லப்படாமைக்கு மறதியை மட்டும் காரணமாக்க முடியாது. சைவ மரபே சிந்தாமணியைப் பற்றி ஒரு கதையைக் காலங்காலமாகச் சொல்லி வந்தது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் திருத்தொண்டர் புராண வரலாற்றின்படி, அநபாயச் சோழன் சிந்தாமணியை விரும்பிப் படித்துவந்ததைக் கண்ட அமைச்சர் சேக்கிழார் அதனை மறுத்து, சிவனடியார் வரலாற்றைக் கேட்குமாறு செய்தார். அதிலிருந்து பெரியபுராணம் பிறந்தது. இக்கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், அது ஓர் அரசனின் விருப்ப நூலைப் பற்றிய கதை. ஒருவர் எதை விரும்பிப் படிக்கிறார் என்பது அரசவைக்கே உரிய கவலையாக அதில் சித்திரிக்கப்படுகிறது. பெரியபுராணத்தைப் போற்றிப் பயின்ற மடம், அந்நூல் எதற்கு மாற்றாகப் பிறந்ததாகச் சொல்லப்படுகிறதோ அதைப் பாடத்தில் சேர்க்காமல் விட்டதில் வியப்பில்லை. இதற்கு மாறான சான்றும் உண்டு: சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் சைவர். சமணர் நிறைவடையாமையால் அவர் உரையை மறுமுறையும் எழுதினார் என்று வழங்கும் மரபுச் செய்தி, சமய எல்லையைக் கடந்து ஒரு நூலைப் படிப்பது எத்துணைப் பேச்சுக்கு இடமளித்தது என்பதையேனும் காட்டுகிறது.

இரண்டாம் பட்டியல்: நீதிமன்றம்

பழைய நூல்கள் படித்ததுண்டா, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பார்த்திருக்கிறீர்களா என்று முதலியார் கேட்டதே உரையாடலின் உச்சமாக நினைவுகூரப்படுகிறது. இவ்வினாவில் ‘பழைய’ என்னும் அடைக்குள்ள பெறுமதி புதியது. மடத்துப் பட்டியலில் நூல்கள் வகையால் அடுக்கப்பட்டன. முதலியார் அவற்றைக் காலத்தால் பிரிக்கிறார். ஆங்கிலக் கல்வி பெற்ற அரசு அலுவலருக்கு இந்த அளவுகோல் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்து, 1875இல் திருத்திய பதிப்பும் கண்டிருந்தது. தமிழிலக்கியத்தைக் காலப்பகுதிகளாகப் பிரிக்கும்போது சமணர் காலத்துக்கு அது சிறப்பிடம் தந்தது. 1868இல் பவர் பாதிரியார் சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை அச்சிட்டிருந்தார். அதாவது 13 இலம்பகங்களுள் ஒன்று, குடந்தை உரையாடலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே அச்சில் வந்துவிட்டது.

முதலியாரை நான் இந்தப் புதிய இலக்கியக் காலக்கணக்கின் வாசகராகக் காண்கிறேன். அவர் ஆங்கிலம் படித்ததால் மட்டும் தமிழைத் தேடியவர் அல்லர். இசையிலும் தமிழிலும் தோய்ந்தவர் என்பதை சாமிநாதையரே கூறுகிறார். பின்னாளில் 1885இல் இந்தியர் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் ஒருவராகச் சென்றதும் அவரே. தாம் ஒரு நூலைப் படிக்க விரும்பியும் பொருள் சொல்வார் கிடைக்காத குறை அவருக்கு இருந்தது. ஆகவே அவர் கேட்ட வினாவைத் தேர்வாளர் வினாவாகக் கொள்வது பொருந்தாது. துணை தேடிய வாசகரின் வினா அது. பொது மேடைகளில் இந்நிகழ்வு சொல்லப்படும்போது முதலியார் ஓர் ஆசிரியரைப் போலவும் சாமிநாதையர் தோற்ற மாணவரைப் போலவும் சித்திரிக்கப்படுகின்றனர். நூலைக் கையில் வைத்திருந்தவருக்குப் பொருள் தெரியவில்லை. பொருள் காணும் பயிற்சி உடையவரிடம் நூல் இல்லை. இருவர் குறையும் ஒன்றையொன்று நிரப்பின.

கிடைத்தால் படிப்பேன் என்று சாமிநாதையர் சொன்னதன்பின், முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். அதன்பின் முதலியார் வீட்டில் இருவரும் சேர்ந்து படிக்கலாயினர். பாடம் கேட்டலுக்கும் தனியே படித்தலுக்கும் இடைப்பட்ட ஒரு புதுமுறை இது. இங்கே குரு இல்லை. இருவரும் அறியாத நூலை இருவரும் சேர்ந்து திறக்கின்றனர்.

மூன்றாம் பட்டியல்: சமண இல்லம்

நச்சினார்க்கினியர் உரையோடு படித்தும் சமணச் சொற்களும் கொள்கைகளும் சாமிநாதையருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணர் வாழ்வதை அறிந்து அவர்களைத் தேடிச் செல்கிறார். அவர் சென்ற நாளில் வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. காரணம் வினவியபோது, சிந்தாமணிப் படிப்பு அன்று நிறைவெய்தியது என்றும் அதற்கான கொண்டாட்டமே அது என்றும் விடை வருகிறது.

‘என் சரித்திர’த்தில் என்னை மிகவும் தயங்கி நிற்கச் செய்யும் இடம் இதுதான். கல்லூரித் தமிழாசிரியர் பெயரளவில் அறிந்திருந்த, மடம் பாடம் சொல்லாத, முன்சீப் அரிதென்று பாதுகாத்த நூலை, சில தெருக்களுக்கு அப்பால் ஒரு குடும்பம் தொடர்ந்து ஓதி முடித்துத் தோரணம் கட்டியிருக்கிறது. சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் ஆகியோருடன் ஏற்பட்ட நட்பு அங்கிருந்து தொடங்குகிறது. மணிப்பிரவாள நடையிலமைந்த ஸ்ரீபுராணத்தை சாமிநாதையர் அறிந்துகொண்டதும் இத்தொடர்பாலேயே. வீடூர் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. மேல்சித்தாமூர் மடத்தைச் சூழ்ந்த தமிழ்ச் சமணர் ஊர்களின் உலகைச் சேர்ந்தது. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் நடந்த படிப்பு, வடக்கே அவ்வூர்கள் வரை நீண்டிருந்த ஒரு வாசக வலையின் கண்ணியாகும்.

இவ்வட்டத்தில் படித்தல் என்பதன் பொருளும் வேறு. நூலைத் தொடங்குவதும் முடிப்பதும் சடங்கு, கேட்போர் குடும்பத்தார், பொருள் தெரிந்த மூத்தவர் ஒருவர் விளக்குகிறார். பெண்களும் கேட்டிருக்கின்றனர். சாமிநாதையரின் ஆர்வத்தைக் கண்ட சமணப் பெண்மணி ஒருவர் அவரைப் ‘பவ்ய ஜீவன்’ என்று குறிப்பிட்டதாக அவர் எழுதுகிறார். வீடுபேறு அடையும் பக்குவம் வாய்ந்த உயிர் என்பது அச்சொல்லின் பொருள். சிந்தாமணியில் பொருள் தேடி அலைந்த தமிழாசிரியரை, அந்நூலின் சமயக் கலைச்சொல்லாலேயே ஒரு பெண் வகைப்படுத்துகிறார். அச்சொல் அவருக்கு அன்றாடச் சொல்.

இந்நிலையில் ‘மீட்பு’ என்னும் சொல்லை நாம் எவ்வாறு பயன்படுத்துவது? 1887இல் சிந்தாமணி முழுமையாக அச்சேறியபோது அது சமணர் அல்லாத கற்றோருக்குக் கிடைத்தது. அது பெரும் பேறு. அதை மறுப்பார் யாருமில்லை. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தெளிந்து நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உழைப்பும் எவ்விதக் குறைப்புக்கும் உரியதன்று. ஆயினும் ‘மறைந்து கிடந்த நூல்’ என்று நாம் பாடப்புத்தகங்களில் எழுதும்போது, யாரிடமிருந்து மறைந்து கிடந்தது என்னும் வினாவை விட்டுவிடுகிறோம். மாவிலைத் தோரணம் கட்டியவர்கள் அந்த வாக்கியத்தில் வாசகராக இல்லாமற் போகின்றனர். அவர்கள் பிற்காலக் கட்டுரைகளில் ‘ஐயம் தீர்த்த சமண நண்பர்கள்’ என்று ஒற்றைத் தொடராகச் சுருங்கினர். இச்சுருக்கத்துக்கு சாமிநாதையரைக் குறை கூறுவது முறையன்று. அவர் அவர்களைப் பெயர் சொல்லி, நன்றியோடு, ஓர் அத்தியாய அளவுக்கு எழுதியிருக்கிறார். சுருக்கியவர்கள் பின்வந்த நாம்.

பகிர்வின் எல்லை

நூல் விரும்பிகளிடையே பகிர்வு எப்போதும் தடையின்றி நிகழ்ந்தது என்றும் கொள்ளலாகாது. யாழ்ப்பாணத்தவரான சி.வை. தாமோதரம் பிள்ளை, 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் பதிப்பித்தவர். கும்பகோணத்தில் வழக்கறிஞராக வாழ்ந்த காலத்தில் சாமிநாதையரோடு நெருங்கிப் பழகினார். சிந்தாமணியைப் பதிப்பிக்கும் எண்ணம் அவருக்கும் இருந்தது. இருவரும் ஒரே நூலை விரும்பினர்; பிரதியைக் கொடுப்பதா வேண்டாவா என்ற நெருக்கடி எழுந்தது. கூடிப் படிக்கும்போது ஒரு நூலை இருவர் விரும்பலாம். பதிப்பாசிரியர் என்னும் பெயர் ஒருவருக்கே கிடைக்கும். வாசகர் பதிப்பாசிரியராக மாறும் இடத்தில் பகிர்வின் தன்மையும் மாறியது.

பதிப்புச் செலவுக்காகக் ‘கையொப்பம்’ வாங்கும் வழக்கம் இதன் மறுபக்கம். நூல் வெளிவருமுன் இத்தனை பிரதிகள் பெற்றுக்கொள்வோம் என்று கற்றோரும் செல்வரும் உறுதி அளிப்பது அது. சிந்தாமணிக்குக் கையொப்பம் திரட்டுவதில் இராமசாமி முதலியாரின் சென்னைத் தொடர்புகள் பெரிதும் உதவின. 1880இல் ஒரு வீட்டுக் கூடத்தில் இருவரிடையே நடந்த பரிந்துரை, ஏழு ஆண்டுகளில் வழக்கறிஞர், ஆசிரியர், அலுவலர், நிலக்கிழார் என்று முன்பின் அறியாதவரிடையே பரவிய பரிந்துரையாயிற்று. கையொப்பமிட்டோரை நாம் புரவலர் என்றே எழுதிப் பழகிவிட்டோம். அவர்களுள் எத்தனை பேர் நூலைப் பிரித்துப் படித்தனர் என்பது வேறு வினா. 3000க்கு மேற்பட்ட செய்யுள்களும் கடின உரையும் கொண்ட நூலை வாங்கியவர் அனைவரும் படித்திருப்பர் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. அதன்பின் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என்று பதிப்புகள் தொடர்ந்தன. முதலியார் அன்று கேட்ட மூன்று காப்பியங்களும் 18 ஆண்டுகளில் அச்சில் வந்துவிட்டன. மூன்றாவது வெளிவந்தபோது கேட்டவர் உயிரோடு இல்லை. அவர் 1892இல் மறைந்தார்.

மூன்றாம் வட்டத்தை நோக்கி

முதல் வட்டத்தின் பட்டியலை சாமிநாதையர் தாமே எழுதிவைத்தார். இரண்டாம் வட்டத்தின் பட்டியலை முதலியாரின் வினாக்களிலிருந்து ஓரளவு தொகுக்கலாம். மூன்றாம் வட்டத்துக்கு அத்தகைய பட்டியல் இல்லை. சமண இல்லத்தாரிடம் சொற்பொருள் கேட்கப்பட்டது, சமயக் கொள்கை கேட்கப்பட்டது. நீங்கள் என்னென்ன படிக்கிறீர்கள், எது உங்களுக்கு உகந்தது என்று கேட்ட பதிவு நமக்குக் கிடைக்கும் எழுத்துகளில் விரிவாக இல்லை.

அதைத் தேடுவதற்கு உரிய இடம் ஏடுகளின் முடிவுக் குறிப்புகள் என்று கருதுகிறேன். இன்ன ஆண்டு, இன்ன திங்கள், இன்னாருடைய ஏட்டைப் பார்த்து இன்னார் எழுதிக்கொண்டது என்று ஏடெழுதுவோர் இறுதியில் குறிப்பது வழக்கம். சுவடி அட்டவணைகளில் இக்குறிப்புகள் நூலின் காலத்தைக் கணிக்கும் துணைச் சான்றாகவே இதுவரை பயன்பட்டு வந்துள்ளன. யாருடைய ஏடு யாருக்குச் சென்றது என்னும் செய்தியை மட்டும் பிரித்தெடுத்து ஊர்வாரியாக அடுக்கினால், இரவல் தந்தவர், பெற்றவர், படியெடுத்தவர் என ஒரு வாசக வட்டம் உருப்பெறும். சென்னை உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால் ஆகியவற்றிலுள்ள சமண நூற்சுவடிகளை இந்நோக்கில் பார்ப்பது என் ஆய்வின் அடுத்த பகுதி. திண்டிவனம், வந்தவாசி வட்டாரத்துச் சமண இல்லங்களில் இன்றும் காக்கப்பட்டுவரும் ஏடுகளை அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வில்லங்களில் கேட்கவேண்டிய முதல் வினா, எந்த ஏடு பழமையானது என்பதாக இருக்கவேண்டியதில்லை. எதை அடிக்கடி எடுத்துப் படித்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.